குழாயடியில் நான் திருத்திய நாவல்

அந்த நாவல் என் கைக்கு வந்து சேர ஐந்து வாரம் ஆயிற்று. மாட்டுங்காவில் காலை டைப்ரைட்டிங் வகுப்பு முடிந்ததும் பக்கத்துக் கட்டிடத்து மாடிப்படியைத் தடதடவென்று ஏறுவேன். மேலே ஒரே ஓர் அறையில் வாடகைக்குப் புத்தகம் கொடுக்கும் நூலகம். நடத்தியவர் பாலக்காட்டுக்காரர், ஏதோ ஓர் ஆபீசில் ரிட்டயரானவர். என் தலை தெரிந்ததுமே கையை விரித்துவிடுவார். "இன்னும் வரலைம்மா. உனக்கு முன்னாடி ரெண்டு பேர் காத்துண்டிருக்கா." எனக்கு முன்னால் பெயர் எழுதி வைத்திருந்த அந்த இரண்டு பேரையும் நான் மனசுக்குள் வையாத நாள் கிடையாது. ஒரு புத்தகத்தை வாசிக்க மனுஷருக்கு இத்தனை நாளா?

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அறுபதுகளின் தொடக்கம். நாங்கள் தாராவியில் இருந்தோம். அப்பாவுக்குச் சின்ன அரிசிக் கடை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பம். அந்த நூலகத்துத் தமிழ் நாவல்களில் பாதிக்கு மேல் நான் தின்று தீர்த்திருந்தேன். எதை எடுத்தாலும் கதாநாயகி வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவாள், பிராகாரத்தில் அவனைப் பார்ப்பாள், வெட்கப்படுவாள். ஒருத்தியாவது ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் உட்கார்ந்து, பிரசங்கம் நீளும்போது கொட்டாவி விட்டிருப்பாளா? கிடையாது. எங்களைப் போன்றவர்கள் கதையில் வரவே மாட்டோமா என்று எனக்கு ஒரே ஆத்திரம். அந்தச் சமயத்தில்தான் வேதாகமத்தில் வரும் அக்கா தங்கை கதையை ஒருவர் நாவலாக எழுதியிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். எப்படித் துள்ளியிருப்பேன் என்று பார்த்துக்கொள்ளுங்கள்!

கதை தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அண்ணனை ஏமாற்றிவிட்டு ஊரைவிட்டு ஓடிவருகிறான் ஒருவன். வந்து சேருவது தாய்மாமன் வீட்டுக்கு. மாமனுக்கு இரண்டு பெண்கள். மூத்தவளுக்குக் கண் பார்வை மட்டம். இளையவள் அழகி. கிணற்றடிக்கு ஆடு ஓட்டிக்கொண்டு வந்த இளையவளைப் பார்த்ததுமே இவன் மயங்கிப்போகிறான். அவளுக்காக மாமனிடம் ஏழு வருஷம் ஆடு மேய்க்கிறான். கல்யாணத்தன்று முக்காட்டைப் போட்டு மூத்தவளை உள்ளே அனுப்பிவிடுகிறான் மாமன். பொழுது விடிந்து பார்த்தால் ஆள் மாறியிருக்கிறது. ஏன் இப்படிச் செய்தீர் என்று கேட்டால், மூத்தவள் இருக்க இளையவளைக் கொடுப்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை என்கிறான் அந்தப் பெரிய மனுஷன். பிறகு இன்னும் ஏழு வருஷ வேலையைப் பேசிக்கொண்டு இளையவளையும் கட்டிவைக்கிறான். எந்தத் தேசத்துக் கதையோ! ஆனால் எங்கள் தெருவில் நடந்ததைப் போலவே இருக்கும்.

எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டியிருந்தது. அந்த விடிகாலையில் முக்காடு விலகியபோது மூத்தவள் என்ன சொன்னாள்? வேதத்தில் அந்த இடத்தில் அவள் வாயே திறப்பதில்லை. முந்நூறு பக்கம் எழுதுகிறவர் அதையாவது எழுதாமலா இருப்பார்?

இது வெறும் வாசகியின் ஆவல் இல்லை. எனக்கும் ஓர் அக்கா இருந்தாள். என்னைவிட ஏழு வயது பெரியவள். வீட்டிலேயே மெஷின் போட்டு ஜாக்கெட் தைப்பாள். சின்னதிலிருந்தே கண்ணில் குறை. கனத்த கண்ணாடி. அதைக் கழற்றினால் எதிரில் நிற்பது நானா அம்மாவா என்றுகூடத் தெரியாது. நான், சொல்லத்தான் வேண்டும், பார்க்க லட்சணமாக இருப்பேன். அப்போது அது எனக்கு நன்றாகத் தெரியும்.

நாவல் வருவதற்கு முந்திய வாரம் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். செம்பூரில் குடியிருக்கிற நம்ம ஊர்க் குடும்பம். பையனுக்கு டிராம்பேயில் எண்ணெய் ஆலையில் ஸ்டோர் கிளார்க் வேலை. அம்மா என்ன செய்தாள் தெரியுமா? "கண்ணாடியக் கழத்தி வையிட்டி, அதப் போட்டா வயசு கூடத் தெரியுது" என்று அக்காவின் கண்ணாடியை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டாள். கண்ணாடி இல்லாமல் அவள் காப்பித் தட்டை எப்படித் தூக்கிவருவாள்? தட்டும் அவளும் சேர்ந்து விழுவார்கள். அக்காவை அவர்கள் எதிரில் உட்கார வைத்தார்கள்; கடைசி நிமிஷத்தில் தட்டு என் கைக்கு வந்தது. "நீ குடுத்துட்டு ஒடனே உள்ள வந்துரு" என்றாள் அம்மா. நான் கொடுத்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். நானும் பார்த்தேன். உடனே உள்ளே வரவில்லை.

அந்த வாரமே புதன்கிழமை, நடுவில் நின்று பேசிய சபை உபதேசியார் கடைக்கு வந்து, அப்பாவிடம் தலையைச் சொறிந்துகொண்டே விஷயத்தைச் சொன்னார். சின்னவளைத் தருவதாக இருந்தால் அவர்களுக்குச் சம்மதமாம். அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறு ஞாயிறு பதில் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தார். பொழுது சாய்வதற்குள் விஷயம் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. மூத்தவளை வைத்துக்கொண்டு இளையவளைக் கொடுத்தால் மூத்தவளின் கதை அத்தோடு முடிந்தது என்று எங்கள் ஜனத்தில் எல்லாருக்கும் தெரியும். வேண்டாம் என்றால் இப்படி ஒரு இடம் இன்னொரு தடவை வாசல் ஏறி வராது என்பதும் தெரியும். அக்காவிடம் கேட்டால், "எனக்கென்ன, உங்க இஷ்டம்" என்று மெஷினை ஓட்டினாள். எனக்கோ உள்ளுக்குள் குறுகுறுவென்று இருந்தது. அவருடைய வெள்ளைச் சட்டையும், காப்பி டம்ளரை இரண்டு கையாலும் வாங்கியதும் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தன. அதற்காக என்னை நானே திட்டிக்கொள்ளவும் செய்தேன்.

அடுத்த திங்கட்கிழமை மாடி ஏறினால், நூலகக்காரர் சிரித்துக்கொண்டே மேஜை இழுப்பறையைத் திறந்தார். "இந்தா, உன் புஸ்தகம். பக்கத்த மடக்கப்படாது. சனிக்கிழமை திரும்பி வந்தாகணும், கேட்டயா?" அம்மாடி! பிடுங்காத குறையாக வாங்கினேன். புத்தம் புது பைண்டிங். வீட்டுக்கு லேபர் கேம்ப் சந்துகள் வழியாக வாசித்துக்கொண்டே நடந்து இரண்டு பேர்மேல் முட்டி, ஒரு மராட்டிக்காரக் கிழவரிடம் வசவு வாங்கினேன். அதுவும் உறைக்கவில்லை.

வரிசையாக ஒண்டுக்குடித்தனங்கள் இருந்த எங்கள் சாலில் குழாய்த் தண்ணீர் சாயங்காலம் நாலு மணிக்கு வரும். மூன்று மணிக்கே பெண்கள் குடங்களை வரிசை போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிடுவார்கள். அந்த ஒரு மணி நேரம் நான் கதை வாசிப்பேன். பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. மீதிப் பேருக்குத் தெரிந்தாலும் பழக்கம் விட்டுப்போயிற்று. அக்காவுக்குப் பொடி எழுத்தைப் பார்த்தால் தலை வலிக்கும், அதனால் அவளும் கேட்பதோடு சரி. எல்லாருக்கும் தலைவி எதிர்வீட்டு மைனி. ஆள் பருமன், குரல் அதைவிடப் பருமன்.

செவ்வாய்க்கிழமை தொடங்கினேன். "நம்ம வேதத்துக் கதை, மைனி! நாவலா வந்திருக்கு!" என்று நான் கூவியதும் சந்தோஷத்தில் எல்லாரும் நெருங்கி உட்கார்ந்தார்கள். இந்துப் பெண்களும்தான். அக்கா தம்பிக் கதை, அண்ணன் தங்கைக் கதை எல்லாம் கேட்டாயிற்று, அக்கா தங்கைக் கதை என்றால் விடுவார்களா?

ஆனால் அந்தப் புத்தகம் இருக்கிறதே! பத்துப் பக்கத்திலேயே சாயம் வெளுத்துவிட்டது. ஆடு மேய்க்கிற மாமனுக்கு ஏழு நிலை மாளிகை. பாலைவனத்தில் தாமரைக் குளம். அதில் அன்னம் நீந்துகிறது. இளையவளின் புருவத்துக்கு ஒரு பக்கம், இடைக்கு ஒன்றரைப் பக்கம். "ஏட்டி, ஆடு எங்க? ஆட்டையே காணுமே" என்றாள் மைனி. "வரும் மைனி, வரும்" என்று சமாளித்தேன். நாற்பது பக்கம் வரை ஓர் ஆடு வரவில்லை. அவன் பாட்டுப் பாடினான், அவள் நாணினாள், நிலா வந்தது. கூட்டத்தில் இருந்த ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் "பக்வாஸ், வெறும் உளறல்!" என்று எழுந்துபோய்விட்டாள். எனக்கு அழுகையே வந்தது. ஐந்து வாரம் காத்திருந்ததா இதற்கு?

புதன்கிழமை கல்யாண அத்தியாயம். அதிலாவது உயிர் இருக்கும் என்று நம்பிக்கையோடு தொடங்கினேன். அந்த எழுத்தாளர் என்ன செய்திருந்தார் தெரியுமா? மாமன் செய்த மோசடியைத் தூக்கி மூத்தவள் தலையில் போட்டுவிட்டார். மாறுகண் படைத்த அந்தப் பாதகி, தங்கையின்மேல் பொறாமை கொண்டு, பாலில் மயக்க மருந்து கலந்து தங்கையைத் தூங்க வைத்துவிட்டுத் தானே முக்காட்டைப் போட்டுக்கொண்டு போகிறாளாம். வேதத்தில் அப்படி ஒரு வரி உண்டா? அப்பன் செய்த தப்பு மகள் தலையிலா? எனக்குக் காது மடல் சுட்டது. நிமிர்ந்து பார்த்தேன். அக்கா முன்வரிசையில் குடத்தின்மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்குள்ளிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'மாறுகண் படைத்த பாதகி' என்று அவள் முகத்துக்கு நேரே நான் எப்படி வாசிப்பேன்?

வாசிக்கவில்லை. கண் புத்தகத்தில் இருந்தது, வாய் தன்பாட்டுக்குப் பேச ஆரம்பித்தது. விடிந்ததும் மூத்தவள் முக்காட்டைக் கழற்றி எறிகிறாள். விறுவிறுவென்று அப்பனிடம் வருகிறாள். "தகப்பனே, அவரை ஏமாத்தினீர், சரி. என் தங்கச்சியை ஏமாத்தினீர், சரி. என்னைக் கேட்டீரா? சந்தையில ஆட்டை மாத்தி விக்கிறவனாவது ஆட்டோட பல்லைப் பாப்பான். நீர் என் மொகத்தைப் பாத்தீரா?" என்கிறாள். எங்கிருந்து வந்ததோ எனக்கு! "அப்படிக் கேளுடி என் ராசாத்தி!" என்று மைனி தொடையில் அடித்துக்கொண்டாள். ஒருத்தி சீட்டியே அடித்தாள். "அப்பன் என்ன சொன்னான்? சொல்லு, சொல்லு!" நான் பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பாவனை செய்துகொண்டே சொன்னேன். அப்பன் திணறுகிறான், ஊர் வழக்கம் என்கிறான், இவள் விடுவதாக இல்லை.

குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒருத்தி எழுந்திருக்கவில்லை! தாராவியில் தண்ணீர் வரும்போது பிரசவ வலியில் இருப்பவள்கூட எழுந்து ஒரு குடம் பிடித்துவிட்டுத்தான் படுப்பாள். அன்றைக்கு முழு இரண்டு நிமிஷம் தண்ணீர் கல்லில் கொட்டிக்கொண்டிருந்தது, எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கிறுகிறுவென்று வந்தது. பின்னாளில் நான் எழுதிய கதைகள் எதற்கும் அப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை.

அன்றைக்கெல்லாம் எனக்குச் சோறு இறங்கவில்லை. நாளைக்கு என்ன நடக்க வேண்டும், மூத்தவள் எங்கே போவாள், என்ன சொல்வாள் என்று தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. வியாழக்கிழமை டைப்ரைட்டிங் வகுப்பில் அலுவலகக் கடிதம் அடிக்கச் சொன்னால் நடுவில் ஒட்டகம் என்று அடித்து வைத்தேன். மத்தியானம் இரண்டரைக்கே குழாயடி நிறைந்துவிட்டது. பக்கத்துச் சாலிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள்.

அன்றைக்குக் கதையை முடித்தேன். ஏழு நாள் கல்யாண விருந்து முடிந்ததும் மூத்தவள் தங்கையைக் கூப்பிடுகிறாள். தன் வளையலைக் கழற்றி அவள் கையில் போடுகிறாள். "அவரு ஏழு வருஷம் ஒழைச்சது ஒன்ன நெனச்சுதான். ஒங்களுக்கு நடுவுல நான் எதுக்கு? நீ நல்லா இரு தாயீ" என்று சொல்லிவிட்டு, பத்து ஆட்டை ஓட்டிக்கொண்டு தனியாகப் போய்விடுகிறாள். திரும்பியே பார்க்கவில்லை. நான் புத்தகத்தை மூடினேன். குழாயடியில் மூக்கு உறிஞ்சுகிற சத்தம்தான். மைனி முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி அக்காவின் பக்கம் திரும்பி, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "பொறந்தா இப்படி ஒருத்திக்குத் தங்கச்சியாப் பொறக்கணும். என்ன பிள்ளே, நான் சொல்லுதது?" அக்கா குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "எனக்கு நம்பர் வந்துட்டு மைனி" என்று குழாய்க்குப் போனாள். நான் அப்போது வானத்தில் இருந்தேன். எதையும் கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை நான் வகுப்புக்குப் போய்விட்டுத் திரும்பியபோது மெஷின் ஓடவில்லை. அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, மூக்கில் இடிக்கிற மாதிரி புத்தகத்தைப் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. பொடி எழுத்தினால் என்று நினைத்தேன். "தலை வலிக்கப் போவுதுக்கா" என்றேன். "வலிக்கட்டும்" என்றாள். அன்று முழுக்க வாசித்தாள்.

சனிக்கிழமை காலை நான் கிளம்பும்போது புத்தகத்தைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தாள்.

"பூரா வாசிச்சிட்டேன். அவ தங்கச்சிட்ட விட்டுக்குடுத்துட்டுப் போறதா இதுல இல்லையேட்டி."

"புஸ்தகம் ஒண்ணுக்கும் ஒதவாதுக்கா. அவளை எப்படிக் கேவலமா எழுதியிருக்கான் பாத்தியா? அதான் நான் நல்லா மாத்தினேன்."

"யாருக்கு நல்லா?"

அக்கா சத்தமே போடவில்லை. ஊசியில் நூல் கோத்துக்கொண்டே பேசினாள்.

"நேத்துத் தண்ணிக்குப் போனா ஒவ்வொருத்தியும் வந்து என் கையப் பிடிக்கா. 'தங்கமான மனசு உனக்கு'ன்னு சொல்லுதா. நான் என்ன சொன்னேன்? நான் ஒண்ணும் சொல்லலையே. மைனி அம்மாட்ட வந்து, மூத்தவளே விட்டுக்குடுக்கான்னு சொல்லிட்டுப் போயிட்டா. அம்மா அப்பாட்ட சொல்லியாச்சு. அப்பா என்னைக் கூப்பிட்டு, நீ பெரிய மனசுக்காரின்னு தலையில கை வச்சுட்டுப் போறாவ. நான் எப்பட்டி விட்டுக்குடுத்தேன்?"

அந்த எழுத்தாளர்மேல் எனக்கு எத்தனை கோபம் வந்தது! மூத்தவளிடம் ஒரு வார்த்தை கேட்டாரா என்று குதித்தேனே! நான் கேட்டேனா? அவள் வாயில் நான் போட்ட அந்தக் கடைசி வசனம் அவளுக்கு வேண்டியதா, எனக்கு வேண்டியதா? எனக்குத்தான் வேண்டியிருந்தது. அந்த வெள்ளைச் சட்டைக்காரர் எனக்குத்தான் வேண்டியிருந்தார். கதை சொல்கிற குஷியில் அது எனக்கே தெரியாமல் வெளியே வந்துவிட்டது என்று அவளிடம் சொல்ல நினைத்தேன். அதுவும் முழு உண்மை இல்லை. கொஞ்சம் தெரிந்தேதான் சொன்னேன்.

"உனக்கு என்னக்கா வேணும்?" என்றேன். கேட்டது அப்போதுதான்.

அவள் நூலைக் கடித்துத் துண்டித்தாள். "கண்ணாடி இல்லாம அவிய மொகமே எனக்குத் தெரியல. நான் எந்திரிச்சு உள்ள போகயில, 'பாத்துப் போங்க, கால்ட்ட நாற்காலி கெடக்கு'ன்னு மெதுவாச் சொன்னாவ. வேற ஒருத்தருக்கும் கேக்காத மாதிரி. எனக்குப் பிடிச்சிருந்துச்சுட்டி."

அன்றைக்கு நான் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது, நூலகக்காரர் "எப்படி இருந்தது?" என்று ஆவலாகக் கேட்டார். "ஒண்ணும் சரியில்ல சார்" என்றேன். "அப்படியா? எல்லாரும் பிரமாதம்னாளே!" என்று ஆச்சரியப்பட்டார். மாட்டுங்காவிலிருந்து வீடு வரை ஒரே தீர்மானமாக நடந்தேன். அப்பாவிடம் போய் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். குழாயடியில் சொன்னதெல்லாம் என் கட்டுக்கதை, அக்கா விட்டுக்கொடுக்கவில்லை என்று போட்டு உடைத்துவிட வேண்டும். லேபர் கேம்ப் தாண்டும்வரை அந்தத் தீர்மானம் கெட்டியாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "என்ன மக்கா, சரின்னு சொல்லிரட்டுமா? அக்காவும் சம்மதிச்சுட்டா." நான் தலையைக் குனிந்துகொண்டு "உங்க இஷ்டம்ப்பா" என்றேன். எங்கள் வீடுகளில் அதற்குச் சம்மதம் என்றுதான் பொருள். அக்கா சொன்னதும் அதே வார்த்தையைத்தான். ஆனால் அப்பாவுக்கு என் வார்த்தை மட்டும் உடனே புரிந்துவிட்டது.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், யாருக்காவது தடை சொல்லக் காரணம் தெரிந்தால் சொல்லலாம் என்று சபைப் போதகர், நாங்கள் ஐயர் என்போம், எல்லார் முன்னாலும் கேட்பார். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். மூன்று ஞாயிறும் அக்கா எனக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது ஞாயிறு ஐயர் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றது மாதிரி எனக்கு இருந்தது. அக்கா நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஒன்றும் பேசவில்லை. குழாயடியில் அவளுக்காக அத்தனை பேசிய நானும் வாயைத் திறக்கவில்லை.